ரத்தக் கொழுப்பால் வரும் கணைய அழற்சி: முதல் மாதிரி முதல் மாத்திரை வரை

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, ஓயாத வாந்தி. இப்படி வருபவரிடம் முதலில் கேட்பது மதுப்பழக்கமும் பித்தப்பைக் கல்லும். இரண்டுக்கும் என்ன பதில் வந்தாலும் சரி, முதல் ரத்த மாதிரியிலேயே டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் பரிசோதனையும் போக வேண்டும். சாப்பாட்டை நிறுத்தினாலே அது மளமளவென்று இறங்கிவிடும். இரண்டு நாள் தாமதித்துப் பார்த்தால், சில ஆயிரங்களில் இருந்தது சில நூறாகத் தெரியும். ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பப்படுகிறவர்களில் சிலர் இப்படித் தவறவிடப்பட்டவர்கள்.

1,000 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்தால் கொழுப்பே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். 500க்கும் 1,000க்கும் நடுவில் இருந்தால் அவசரப்படக் கூடாது. அழற்சியாலேயே அளவு கொஞ்சம் ஏறும் என்பதால் மற்ற காரணங்களைத் தேடி முடித்த பிறகே முடிவு. பித்தப்பைக்கு ஸ்கேன் எல்லோருக்கும் உண்டு.

சீரம் (ரத்தம் உறைந்ததும் பிரியும் நீர்) பால்போல் வெளுத்திருந்தால் ரிப்போர்ட்டில் வரும் பல எண்களை அப்படியே நம்ப முடியாது. சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டும். அதைப் பார்த்து அடர்உப்பு சலைன் ஏற்றினால் விபரீதம். ரத்த வாயுப் பரிசோதனை எந்திரத்தில் வரும் சோடியத்தை நம்பலாம். கணைய நொதிகளில் அமைலேஸ் இயல்பாகவே வந்து ஏமாற்றக்கூடும் என்பதால் லைபேஸ் பார்ப்பதே மேல். நோயை உறுதிசெய்ய அது இயல்பின் மேல்வரம்பைப்போல் 3 மடங்கைத் தாண்ட வேண்டும். ஹீமோகுளோபினும் பொய்யாக ஏறும். எம்.சி.எச்.சி. (சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் சராசரி அடர்த்தி) நம்ப முடியாத உயரத்தில் இருந்தால் அதுவே ஒரு துப்பு.

திரவத்துக்கு ரிங்கர் லாக்டேட். 2022இல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வுக்குப் பிறகு வெள்ளமாக ஏற்றும் பழக்கம் குறைந்துவிட்டது. அதில் அதிகம் ஏற்றிய குழுவில் திரவம் தேங்கியவர்கள் 20.5%, மிதமாக ஏற்றிய குழுவில் 6.3%. உடல் வறண்டிருந்தால் கிலோவுக்கு 10 மி.லி. இரண்டு மணி நேரத்தில், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 1.5 மி.லி. சிறுநீர் அளவையும் யூரியாவையும் பார்த்து ஏற்றி இறக்கலாம். வலிக்கு ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) தயங்காமல் கொடுக்கலாம். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

அடுத்தது இன்சுலின். ரத்தத்தில் உள்ள கொழுப்பைக் கரைக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியை அது தூண்டுகிறது. உடல் கொழுப்பிலிருந்து புதிதாகக் கொழுப்பமிலம் வருவதையும் தடுக்கிறது. ரெகுலர் இன்சுலின், ரத்தக்குழாய் (சிரை) வழியாக, மணிக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட்டில் தொடக்கம், தேவைப்பட்டால் 0.3 வரை. குளுக்கோஸ் 200 – 250க்குக் கீழே வந்ததும் கூடவே டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஓட வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ஆரம்பத்திலிருந்தே. இங்கே பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டு இடங்களில். குளுக்கோஸ் இறங்கிவிட்டது என்று டெக்ஸ்ட்ரோஸைக் கூட்டாமல் இன்சுலினை நிறுத்திவிடுவது ஒன்று. கொழுப்பு அப்படியே நிற்கும். பொட்டாசியத்தை மறப்பது மற்றொன்று. குளுக்கோஸ் மணிக்கு ஒருமுறை, பொட்டாசியம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. பொட்டாசியம் 3.3க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இன்சுலின்.

டிரைகிளிசரைடை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, 500க்குக் கீழே வந்ததும் இன்சுலின் டிரிப்பை நிறுத்தலாம். இயல்பு அளவுவரை துரத்த வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்து நோயும் லேசானதென்றால் பட்டினியும் திரவமுமே போதுமான நேரங்கள் உண்டு. கீட்டோஅசிடோசிஸும் (சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் நிலை) சேர்ந்திருந்தால் அதற்குரிய முறைப்படியே போக வேண்டும்.

பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை ஒரே அமர்வில் கொழுப்பைப் பாதிக்கும் மேல் இறக்கும். பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் உயிரைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உறுப்புகள் செயலிழக்கும்போது, லாக்டேட் ஏறும்போது, கால்சியம் வேகமாக விழும்போது, கர்ப்ப காலத்தில் யோசிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க அதில் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை மேலும் குறைக்கும். ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) டிரிப் ஓட்டும் வழக்கம் இப்போது தேவையில்லை: முதலில் லிப்போபுரோட்டீன் லைபேஸை விடுவித்துவிட்டுப் பிறகு அதன் இருப்பையே வற்றச் செய்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனிக்காமல் விடுவது புரோபோஃபால். மயக்கத்துக்குக் கொடுக்கும் அந்த மருந்தே 10% கொழுப்புக் கரைசல்.

வலி தணிந்து பசி வந்ததும் கொழுப்பில்லாத உணவில் தொடங்கலாம். நாள் கணக்கில் பட்டினி போடுவதில் லாபமில்லை. அளவு 1,000க்கு மேல் நிற்கும்வரை ஒரு நாளின் மொத்தக் கொழுப்பு 20 கிராமுக்குள். ‘நல்ல எண்ணெய்’ என்று எதற்கும் சலுகை கிடையாது. மதுவும் இனிப்புப் பானமும் அறவே கூடாது.

வாய்வழி மருந்து இறங்கத் தொடங்கியதும் டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், சிறுநீரகத்தின் நிலைக்கேற்ற அளவில். ஸ்டாட்டின் (கொலஸ்டிராலைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்கு அதே ஃபைப்ரேட் வகையான ஜெம்ஃபைப்ரோசில் சேர்க்கக் கூடாது. தசை சிதையும் ஆபத்து உண்டு. போதாவிட்டால் ஒமேகா-3 நாளுக்கு 4 கிராம். டிஸ்சார்ஜ் எழுதும் முன் மருந்துப் பட்டியலை ஒருமுறை சல்லடை போட வேண்டும்: ஈஸ்ட்ரோஜன், டமாக்சிஃபென், ஐசோட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு, குளோசபின், கொலஸ்டிரமின் எல்லாமே டிரைகிளிசரைடை ஏற்றக்கூடியவை. தைராய்டு, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். இவற்றில் ஒன்றும் அகப்படாமல், சிறு வயதிலிருந்தே அளவு ஆயிரங்களில் இருந்து, ஃபைப்ரேட்டுக்கும் அசையவில்லை என்றால் மரபணுப் பரிசோதனை. உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு லிப்பிட் பரிசோதனை.