தலை எத்தனை முறை நிமிர்கிறது

மகளுக்கு ஐந்தரை வயது. ஆறு மாதமாகத் தினமும் ஒரு வரி பார்த்து எழுதுகிறாள். ஒரே ஒரு வரிதான்.

தொடக்கத்தில் அப்படி இல்லை. பக்கத்தின் மேலே 'மழை வந்தது' என்று எழுதிக் கொடுத்து, கீழே பத்து முறை எழுதச் சொன்னேன். முதல் வரி அழகு. மூன்றாவது வரியில் ழகரத்தின் வால் சுருங்கியது, ஆறாவதில் மறைந்தே போனது. அப்புறம் கடைசி வரை வாலில்லாத எழுத்துதான். குழந்தை என் வரியைப் பார்க்கவில்லை; தான் கடைசியாக எழுதிய வரியைப் பார்த்து எழுதியிருக்கிறாள். பிழையை ஐந்து முறை பழக்கிவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. அன்றோடு பத்து முறை நின்றது.

இப்போது முதலில் விரல் வைத்து வாசிப்போம். பிறகு அவள் எழுதுவாள். நான் பார்ப்பது அவள் கையை அல்ல, தலையை. 'மழை வந்தது' ஆறு எழுத்து. முதல் வாரம் அதற்கு ஏழு முறை நிமிர்ந்து பார்த்தாள். 'ழை'க்கு மட்டும் இரண்டு முறை, கொம்புக்கு ஒன்று, ழகரத்துக்கு ஒன்று. அவளுக்கு அது எழுத்து இல்லை, படம். படத்தைத் துண்டு துண்டாக வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் அதே நீள வரிக்கு மூன்று முறை ஆனது. இப்போது சொல்லுக்கு ஒரு முறை. பார்த்துவிட்டுக் குனிந்ததும் உதடு அசைகிறது: "வந்... த... து." சொல்லை மனதில் பிடித்துக்கொண்டு ஒலியோடு இறக்கி வைக்கிறாள். வாசிப்பும் எழுத்தும் கைகோப்பது இந்த இடத்தில்தான் என்று நம்புகிறேன்.

'கோழி' அவளை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. ககரத்தை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடம் தேடினாள். "அம்மா, 'க'தானே முதல்ல கேக்குது, கொம்பு ஏன் முன்னாடி வருது?" நியாயமான கேள்வி. "கொம்பு, க, கால், மூணும் சேர்ந்துதான் கோ. கை மூணு தடவை எழுதினாலும் வாய் ஒரே தடவைதான் சொல்லும்" என்றேன். பிறகு முழு எழுத்தையும் பார்த்து, கண்ணை மூடி, "கோ" என்று சொல்லிவிட்டு எழுத வைத்தேன். அந்த வாரம் முழுக்கக் கோடு, கோபம், கேள்வி என்றே ஓடியது.

பென்சில் சிறியதாக இருந்தால் மூன்று விரல் தானாகப் படிகிறது. தாளில் அழுத்தம் கூடினால் கை களைத்துவிட்டது என்று பொருள். வரி பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். ரப்பர் தருவதில்லை. தவறிய சொல்லைப் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் போதும்.

இப்போதெல்லாம் வரியும் அவளுடையதே. இரவில் அவள் சொல்வதை அப்படியே எழுதி வைக்கிறேன், காலையில் பார்த்து எழுதுகிறாள். நேற்றைய வரி: 'எறும்பு என் நகத்து மேல ஏறுச்சு.' முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. தலை நிமிராமல், அடியில் தானே ஒரு வரி சேர்த்தாள்: 'எரங்குச்சு.'

திருத்தவில்லை. நாளைக்கு 'எறும்பு இறங்கியது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.