நீலத்திரை காட்டிய நான்கு பெயர்கள்

மே 6
பக்க வடிவமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாலை மூன்றரை மணிக்குக் கணினி மீண்டும் நீலத்திரை (விண்டோஸ் நிலைகுலையும்போது வரும் பிழைத்திரை) காட்டி நின்றது. பத்து நாள்களில் இது நான்காவது முறை. திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பி, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றார். காரணம் தெரியாமல் அழித்தால் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால் நான் இசையவில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருந்தது. கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை. கத்தரி வெயிலில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இப்படி ஆகிறதோ என்று ஐயப்பட்டிருந்தேன். ஆனால் நீலத்திரை வரும்போது விண்டோஸ் அதுபற்றிய குறிப்பை எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்புறையில் நான்கு கோப்புகள் இருந்தன. மின்சாரம் சட்டென்று அறுந்திருந்தால் அவற்றை எழுதக் கணினிக்கு நேரமே இருந்திருக்காது.

மே 7
நிர்சாஃப்ட்டின் இலவச மென்பொருளான புளூஸ்கிரீன்வியூவில் நான்கு கோப்புகளையும் திறந்தேன். கணினி நின்றதற்கு எதன் மேல் ஐயம் என்று அது பெயர் காட்டும். ஒன்றில் கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் பாகத்தை இயக்கும் நிரல்), ஒன்றில் நெட்வொர்க் டிரைவர், ஒன்றில் கோப்பு முறைமையின் டிரைவர், கடைசியில் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல் என நான்கு வெவ்வேறு பெயர்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்ட்பக் என்ற பிழையாய்வு மென்பொருளில் பார்த்தபோதும் அதே பெயர்கள்தாம் வந்தன.

முதல் பெயரைப் பார்த்ததுமே கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கக் கை போனது. நல்லவேளையாக மற்ற மூன்றையும் பார்த்துவிட்டேன். ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதன் பெயரே திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் பழி வேறொருவர் மேல் விழுகிறது என்றால், அவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் பொது இடமான தற்காலிக நினைவகத்தில், அதாவது ரேமில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பிராசஸரின் வெப்பநிலையும் சரியாகவே இருந்தன.

மே 8
இரவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கினேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ரேமின் ஒரு பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அந்தப் பகுதியைச் சோதிக்க வழியில்லை. ஆகவேதான் இந்த நிரல் இயங்குதளமே இல்லாமல் ஓடுகிறது.

ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் திரையில் மாற்றமில்லை. பிறகு ஒரு சிவப்பு வரி வந்தது. அதன் கீழே இன்னும் மூன்று. ரேமில் எழுதிய மதிப்பும் திரும்பப் படித்த மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். நான்கு வரிகளிலும் ஒரே இடத்தில், ஒரே ஒரு பிட் (தரவின் மிகச்சிறிய அலகு) மட்டும் மாறியிருந்தது.

மே 9
கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, ரேமை இயல்பான வேகத்தில் ஓடவிட்டபோதும் பிழை வந்தது. இரண்டு எட்டு ஜிபி ரேம்களையும் கழற்றி, அவற்றின் பொன்னிறக் கால்களை ரப்பரால் துடைத்தேன். கடற்காற்று அடிக்கும் ஊரில் இதைச் செய்யாமல் ரேமைக் குறை சொல்லக் கூடாது. பிறகு ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்திச் சோதித்தேன். பழைய ரேமில் பிழை இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் வாங்கியது எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் பிழை காட்டியது. ஆகவே ரேமைத் தாங்கும் மதர்போர்டு பழியிலிருந்து தப்பியது.

மே 11
ரிச்சி தெருவில் ரேம் வாங்கிய கடைக்குப் போய், சிவப்பு வரிகளைப் பிடித்த படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கடைக்காரர் தம் கணினியிலும் சோதித்துவிட்டு, உத்தரவாதத்தின்படி வேறொன்று தந்தார்.

மே 12
புதிய ரேமைப் பொருத்தியபின், மெம்டெஸ்ட்86+ இரவு முழுவதும் நான்கு சுற்றுகள் ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. ஆயினும் கெட்ட ரேம் வழியாகச் சேமித்த கோப்புகளை அப்படியே நம்ப முடியாது. சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டியபோது, சிதைந்த சில விண்டோஸ் கோப்புகளைக் கண்டு சரிசெய்தது. இந்த மூன்று மாதங்களில் வடிவமைத்த பக்கங்களை மூலப்படிகளோடு ஒப்பிட்டதில், ஒரு பக்கத்திலிருந்த கோட்டுப்படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக மாறியிருந்தது. மூலப்படியிலிருந்து அதை மீண்டும் பொருத்திவிட்டேன். இன்னும் அறுபது பக்கங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.