டிகிரி சர்டிஃபிகேட்ல ஒரே ஒரு எழுத்து மாத்த 5 மாசம்

போன வாரம்தான் புது சர்டிஃபிகேட் கைக்கு வந்துச்சு, இன்னும் எனக்கு மனசு ஆறல, அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. டிகிரி சர்டிஃபிகேட்டுக்கு காத்திருக்கறவங்க, இப்பதான் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தவங்க ரெண்டு பேருமே கடைசி வரைக்கும் படிங்க.

நான் எம்.எஸ்சி. படிச்சது சென்னைல ஒரு பெரிய கவர்மெண்ட் யுனிவர்சிட்டில, பேரு வேண்டாம். ரெண்டு வருஷம் கேம்பஸ் ஹாஸ்டல். சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம், அப்பா விசைத்தறி ஓட்டுறாரு. அட்மிஷன், செமஸ்டர், ப்ராஜெக்ட், வைவா, நோ ட்யூஸ் எல்லாம் ஒரு தடங்கலும் இல்லாம முடிஞ்சுது. மேடையில பட்டம் வாங்கறது பிஎச்டிகாரங்களும் ரேங்க் எடுத்தவங்களும்தான், எங்களுக்கெல்லாம் இன் அப்சென்ஷியா, ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்கே வரும்.

மார்ச்ல வந்துச்சு. நான் அன்னைக்கு டவுன்ல கோச்சிங் க்ளாஸ்ல இருந்தேன், அப்பாதான் போஸ்ட்மேன்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு. அப்பா அஞ்சாவது வரைக்கும் படிச்சவரு, இங்கிலீஷ் தெரியாது, ஆனா டீக்கடைல தந்தி பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசி பக்கம் வரைக்கும் விடாம படிப்பாரு. நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கவரை மடியில வச்சுக்கிட்டு திண்ணைல உக்காந்திருக்காரு. “யம்மா, இதுல தமிழ்ல உம்பேருக்கு முன்னால 'ச'ன்னு போட்டிருக்கு, நம்ம 'சு' எங்க?”ன்னு கேட்டாரு.

எங்கப்பாவுக்கு சுடலைமாடன் பேரு. எங்க குலசாமி. இங்கிலீஷ்ல இனிஷியல் எஸ், தமிழ்ல சு. சர்டிஃபிகேட்ல இங்கிலீஷ் பக்கம் எல்லாம் சரியா இருக்கு. தமிழ்ப் பக்கத்துல 'ச.' போட்டு என் பேரு. யாரோ இங்கிலீஷ் லிஸ்ட்டை வச்சுக்கிட்டு தமிழ்ல அடிச்சிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, எஸ்ங்கற ஒரு எழுத்துக்குள்ள சண்முகமும் இருக்கலாம், சாமிநாதனும் இருக்கலாம், சிவனும் சுப்பையாவும் செல்லத்துரையும் சோமுவும் இருக்கலாம். எங்க அப்பா யாருன்னு அந்த எஸ்ஸைப் பாத்து எப்படித் தெரியும்? என் ஹாஸ்டல் ரூம்மேட்டோட அப்பா பேரு பெருமாள்ல ஆரம்பிக்கும், அவளுக்கு 'பி.'ன்னு வந்திருக்கு, நான் சொன்ன அப்புறம்தான் எடுத்துப் பாத்தா. தமிழ்லயே இனிஷியல் போடணும்னு 2021ல அரசாங்கமே ஆர்டர் போட்டாச்சு, ஆனா சரியான எழுத்தைப் போடணும்ல.

அப்பா மாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லல. “எம்.எஸ்சி.ன்னு சரியா போட்டிருக்காகல்ல, அது போதும்”னுதான் சொன்னாரு. அதான் எனக்குத் தாங்கல.

உடனே செஞ்ச ஒரே நல்ல காரியம், தம்பி அதை லேமினேட் பண்ணக் கிளம்புனவனை நிறுத்துனது. தயவு செஞ்சு டிகிரி சர்டிஃபிகேட்டை லேமினேட் பண்ணாதீங்க. திருத்தம்னாலும் வெளிநாட்டுக்கு அட்டெஸ்டேஷன்னாலும் முதல்ல அதைத்தான் தப்புன்னு சொல்லுவாங்க.

யுனிவர்சிட்டிக்கு ஃபோன் போட்டேன், ஒரு வாரம் தினமும். அடிச்சுக்கிட்டே இருக்கும், எடுக்க மாட்டாங்க. ஒரு நாள் எடுத்தவரு “நேர்ல வாங்க”ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாரு. என்ன பேப்பர் கொண்டு வரணும்னு கேக்கறதுக்குள்ள கட். நேர்ல போறதுன்னா எங்க ஊர்ல இருந்து பக்கத்துத் தெருவா? பொதிகைல சாயங்காலம் ஏறி விடியக்காலை தாம்பரத்துல இறங்கி, அங்கிருந்து லோக்கல் ட்ரெயின், அப்புறம் பஸ். 2021ல இருந்து சாதா பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்லங்கறது இந்த அஞ்சு மாசத்துல எனக்கு எவ்வளவு உதவுச்சுன்னு சொல்லி முடியாது.

முதல் ட்ரிப் அப்படியே வேஸ்ட். பத்து மணிக்கே அட்மின் பில்டிங் வாசல்ல நின்னேன். ரெண்டு வருஷம் அதே கேம்பஸ்ல இருந்திருக்கேன், அந்த பில்டிங்குக்குள்ள ஒரு தடவை கூட போனதில்ல. செக்‌ஷன்ல சீட் காலி. பக்கத்து சீட் மேடம் சார் மீட்டிங்ல இருக்காருன்னாங்க. பன்னெண்டரைக்கு வந்தாரு, லன்ச்சுக்கு அப்புறம் வான்னாரு. ரெண்டரைக்கு போனா, சர்டிஃபிகேட்டை தொட்டுக் கூட பாக்காம, “டிபார்ட்மெண்ட் த்ரூ வரணும்மா, எச்ஓடி ஃபார்வர்டிங் லெட்டர் எங்க?”ன்னாரு. அதாவது துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பற லெட்டர். காலைல பத்து மணிக்கு அந்த மேடம் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மதியத்துக்குள்ள டிபார்ட்மெண்ட்டுக்கு ஓடியிருப்பேன். மூணு மணிக்கு ஓடுனேன், எச்ஓடி பேப்பர் வேல்யுவேஷன் கேம்ப்புக்குப் போயிட்டாரு, வர நாலு நாள் ஆகும். அன்னைக்கு ராத்திரியே அன்ரிசர்வ்ட்ல ஏறி வந்தேன், விருதுநகர் வரைக்கும் நின்னுக்கிட்டே.

ரெண்டாவது ட்ரிப்ல எச்ஓடி கையெழுத்து பத்து நிமிஷத்துல கிடைச்சுது, நல்ல மனுஷன், உக்கார வச்சு தண்ணி குடுத்தாரு. லெட்டரோட செக்‌ஷனுக்கு வந்தா அதே சார் இப்ப வேற ஒண்ணு கேக்கறாரு. பத்தாவது மார்க்ஷீட் காட்டுனேன், அதுல தமிழ்ல 'சு' இருக்கு. சாதிச் சான்றிதழ் காட்டுனேன், அதுல அப்பா பேரு முழுசா இருக்கு. “இதெல்லாம் சரிம்மா, கான்வகேஷன் அப்ளிகேஷன்ல நீ என்னன்னு எழுதிக் குடுத்தன்னு பாக்கணும். நீ தப்பா எழுதியிருந்தா அஃபிடவிட், ஃபீஸ் எல்லாம் உண்டு. பழைய ஃபைல் எடுக்க டைம் ஆகும்”னாரு. எவ்வளவு டைம்னா பதில் இல்ல. அப்புறம் அவரே கொஞ்சம் குரலை இறக்கி, “இங்கிலீஷ்ல கரெக்டா இருக்குல்ல, தமிழ்ல யாரும்மா பாக்கப் போறா?”ன்னாரு.

“எங்கப்பா பாத்தாரு சார்”னு சொன்னேன். வேற எதுவும் வாயில வரல. கண்ணு கலங்கிடுச்சு, வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

அங்க உக்காந்திருக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்த அப்ளிகேஷனை ஆன்லைன்ல ஃபில் பண்ணி, பிடிஎஃப் எடுத்து, பிரிண்ட் போட்டு கையெழுத்து வச்சு தபால்ல அனுப்புனோம். பிரிண்ட் போட்டது கேம்பஸ் கேட்டுக்கு எதுத்தாப்ல இருக்கற ஜெராக்ஸ் கடைல. அந்த அண்ணன் வாட்ஸ்அப் வேணாம், மெயில்ல அனுப்புமான்னு எப்பவும் சொல்லுவாரு. நான் ஃபோன் மாத்திட்டேன், பழைய ஃபைல் ஒண்ணும் இல்ல, ஆனா ஜிமெயில் அதேதானே. சென்ட் மெயில்ல கடைக்காரர் மெயில் ஐடியைப் போட்டுத் தேடுனேன். ஹால் டிக்கெட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பஸ் பாஸ் ஃபார்ம்னு ரெண்டு வருஷம் வரிசையா வந்துச்சு, நடுவுல இருந்துச்சு அது. ஓப்பன் பண்ணி விரலால இழுத்து பெருசாக்குனேன். 'விண்ணப்பதாரர் பெயர் தமிழில்'ங்கற கட்டத்துல சு, ஒரு புள்ளி, என் பேரு. அந்த 'சு'வோட வால் கட்டத்தோட கீழ்க்கோட்டைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. படிக்கட்டுல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி மூணு காப்பி போட்டுட்டு வந்தேன். அந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுட்டு காசு வாங்கல. செக்‌ஷன்ல சார் ரெண்டு நிமிஷம் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. பின்னாடி சீட்ல இருந்த சூப்பரின்டென்டென்ட் மேடம் எழுந்து வந்து வாங்கிப் பாத்துட்டு, “இது நம்ம தப்புதானே, ஃபீஸ் எதுவும் வேணாம், எடுத்து வைங்க”ன்னாங்க. அஃபிடவிட் இல்ல, ஃபீஸ் இல்ல. அந்த பிடிஎஃப் இல்லைன்னா என் மேல எழுதியிருப்பாங்க. அதனால சொல்றேன், யுனிவர்சிட்டிக்கு நீங்க அனுப்பற ஒவ்வொரு ஃபார்மையும் உங்க மெயிலுக்கே ஒரு காப்பி போட்டு வைங்க.

ஒரிஜினலை ஒப்படைக்கணும்னாங்க. இங்கதான் ரொம்ப கவனம். ஒப்படைச்சதுக்கு அத்தாட்சி கேட்டா “ஆபீஸ்ல குடுக்கறதுக்கு என்னம்மா பயம்”னாங்க. நான் நகரல. தபால் செக்‌ஷன்ல போய் கவரிங் லெட்டரோட ஜெராக்ஸ்ல சீல், தேதி, இன்வேர்ட் நம்பர் (உள்ள வர்ற தபாலுக்கு அவங்க போடற பதிவு எண்) மூணும் வாங்குனேன். லெட்டர்லயே 'இத்துடன் அசல் பட்டச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது'ன்னு எழுதியிருந்தேன், சர்டிஃபிகேட் நம்பரோட. அந்த ஒரு தாள்தான் அப்புறம் என்னைக் காப்பாத்துச்சு.

ஏன்னா, 45 நாள்னு சொன்னது ஜூன் போய் ஜூலையும் வந்துடுச்சு. ஃபோன் பண்ணா “ப்ராசஸ்ல இருக்கு”. ஒரு தடவை “உங்க ஃபைல் எங்ககிட்ட வரவே இல்லையே”ன்னாங்க, எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல. ஒரிஜினல் அவங்ககிட்ட, கைல ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக சர்டிஃபிகேட் மட்டும். நாளைக்கு டிஎன்பிஎஸ்சி சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்னு கூப்பிட்டா எதைக் கொண்டு போய் காட்டுறது?

கோச்சிங் க்ளாஸ்ல ஒரு அக்கா சொல்லித்தான் ஆர்டிஐ போட்டேன். ரொம்ப சிம்பிள், பயப்படாதீங்க. ஒரு வெள்ளைத் தாள்ல, தமிழ்லயே, பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)ன்னு எழுதி, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும். ஏன் லேட்டுன்னு சண்டை போட்டு எழுதாதீங்க, அதுக்கு பதில் சொல்ல மாட்டாங்க. நான் மூணே மூணு கேட்டேன்: இந்த இன்வேர்ட் நம்பர் உள்ள என் மனு இன்னைய தேதில எந்தப் பிரிவுல இருக்கு, எந்தெந்த தேதில யார் யார்கிட்ட போச்சு, அந்த ஃபைலோட குறிப்புப் பக்கங்களுக்கு நகல். சீல் வாங்குன ஜெராக்ஸையும் ஒரு காப்பி வச்சேன். 30 நாளைக்குள்ள அவங்க பதில் குடுத்தே ஆகணும்.

பதினெட்டாவது நாள் ஃபோன் வந்துச்சு. அவங்களா பண்ணாங்க. “சர்டிஃபிகேட் ரெடி, நேர்ல வர்றீங்களா, போஸ்ட்ல அனுப்பவா?”

நேர்லயே போனேன், போஸ்ட்ல விட மனசு வரல. கவுன்டர்லயே நின்னு ரெண்டு பக்கமும் வாசிச்சேன், ரிஜிஸ்டர் நம்பர், வருஷம், வகுப்பு, இங்கிலீஷ், தமிழ் எல்லாம். பின்னாடி ரெண்டு பேரு நின்னாங்க, நான் அவசரப்படல, நீங்களும் அவசரப்படாதீங்க, லெட்ஜர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாக்கணும். சு இருந்துச்சு.

ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு: இப்பவே உங்க டிபார்ட்மெண்ட் ஆபீஸ்ல நாமினல் ரோல்ல, அதாவது மாணவர் பேர்ப் பட்டியல்ல, உங்க பேரு எப்படி ஏறியிருக்குன்னு கேட்டுப் பாருங்க, இங்கிலீஷ்ல மட்டும் இல்ல, தமிழ்லயும். என் ரூம்மேட் இப்பதான் அவளோட 'பி'யை 'பெ' ஆக்கறதுக்கு எச்ஓடி லெட்டர் வாங்கியிருக்கா, என்கிட்ட இருந்த லெட்டர் மாடலை அப்படியே அனுப்பிட்டேன்.

மறுநாள் காலைல ஊருக்கு வந்து சேந்தப்ப அப்பா தறிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாரு. கைய வேட்டில துடைச்சுட்டு வாங்குனாரு. இங்கிலீஷ் பக்கத்தைத் திருப்பி வச்சுட்டு தமிழ்ப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போய், விரல் படாம கொஞ்சம் மேல வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. சு, புள்ளி, என் பேரு, கடைசி வரி வரைக்கும். திரும்பக் கவருக்குள்ள போட்டு பீரோல சேலைக்கு அடியில வச்சுட்டு, தம்பியைக் கூப்பிட்டு “ஏல, இதை லேமினேட் பண்ணிராத”ன்னு சொல்லிட்டு தறிக்குப் போனாரு.