இருபத்தைந்து பேர் உட்காரும் அறை

நியூஜெர்சியில், பள்ளிக் கட்டடங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் எனக்குப் பல வருடமாக வேலை. "பில்டிங் டிசைன் பண்றீங்களா?" என்று கேட்பார்கள். பாதி நாள் நான் செய்வது எண்ணுகிற வேலைதான். ஒவ்வொரு அறையாக நுழைந்து, லேசர் மீட்டரால் நீள அகலம் பிடித்து, கூரையில் நீர்க்கறை உண்டா, ஜன்னலடி ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் அந்த அறைக்கு நேராக ஓர் எண் எழுத வேண்டும். இதில் எத்தனை பிள்ளைகள் உட்காரலாம் என்ற எண்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. ஏழை நகரங்களின் பிள்ளைகளுக்காக 1981-ல் தொடுத்த 'ஆபட் எதிர் பர்க்' வழக்கு, பல தீர்ப்புகளைத் தாண்டி 1998-ல் கட்டடங்கள் வரை வந்தது. பாழடைந்த பள்ளியில் நல்ல கல்வி தர முடியாது, கட்டடத்துக்கும் மாநிலமே பொறுப்பு என்றது நீதிமன்றம். அதையொட்டி 2000-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும், அதாவது ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பும், 5 வருடத்துக்கு ஒருமுறை நீண்டகாலக் கட்டடத் திட்டத்தை மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டும். கட்டுவதற்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால், பெரும்பாலான ஊர்களில் மக்களிடம் வாக்குக் கேட்டாக வேண்டும். வாக்கு கிடைத்தால், சட்டப்படி தகுதியுள்ள செலவில் குறைந்தது 40 சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும். மீதி வீட்டு வரியில் வந்து சேரும்.

அந்த வாக்கு லேசில் கிடைப்பதில்லை. பிரின்ஸ்டனில் 2018-ல் ஏறக்குறைய 130 மில்லியன் டாலரில் தொடங்கிய திட்டம், எதிர்ப்புக்குப் பிறகு 27 மில்லியன் அளவுக்குச் சுருங்கித்தான் வாக்குப்பெட்டிக்குப் போனது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் எடிசனில், 2019 டிசம்பரில் ஏறக்குறைய 190 மில்லியன் டாலர் திட்டத்தை மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்படி ஒன்று தோற்கும்போதெல்லாம் அலுவலகத்தில் ஒரே பேச்சுதான். "பிள்ளைங்க படிச்சு முடிச்சவங்களுக்கு என்ன அக்கறை?" நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். நம்பியும் இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், மாநிலத்தின் மத்தியப் பகுதியில் ஓர் ஊருக்குத் திட்டம் போட்டோம். அங்கே 5 தொடக்கப் பள்ளிகள். 1950-களில், போருக்குப் பிந்தைய பிள்ளைப் பெருக்கத்தில் அவசரமாக எழுந்த ஒற்றைமாடிச் செங்கல் கட்டடம் ஒன்று அவற்றில் ஆகச் சிறியது. அதை மூடிவிட்டு, வேறு இரண்டு பள்ளிகளில் கூடுதல் அறைகள் கட்டி, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற பள்ளி எல்லைகளைப் புதிதாக வரைவது என்று முடிவு செய்தோம். காரணம் தெளிவாகவே இருந்தது. இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தைச் சில வருடங்களுக்குப் பார்ப்போம். அதோடு ஊரில் பிறக்கும் குழந்தைகளின் கணக்கையும் சேர்த்தால், வரும் வருடங்களின் மாணவர் எண்ணிக்கை ஓரளவு தெரியும். அமெரிக்காவில் 2007-க்குப் பிறகு பிறப்பு பொதுவாகக் குறைந்து வருகிறது. அந்தப் பழைய பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அதே கதைதான். ஊரின் வடக்கே மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. எளியவர்களுக்கும் வீடு கட்ட ஒவ்வொரு ஊரும் இடம் தர வேண்டும் என்ற 1975-ஆம் வருட மவுண்ட் லாரல் தீர்ப்பின் வழியில் வந்தவை அவை. பிள்ளைகள் வடக்கே இருக்கிறார்கள், காலி இடம் தெற்கே கிடக்கிறது. அட்டவணையைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

பொதுக் கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஆளுக்கு 3 நிமிடம். மேசையோடு ஒட்டிய குட்டி வட்ட இருக்கைகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் சுவர் ஓரமாகவும் நின்றார்கள். முதலில் பேசிய ஒரு தாத்தா கோபப்படவே இல்லை. "இந்தப் பள்ளிக்குப் புதுக் கூரை போட வேண்டும் என்று போன தடவை கேட்டீர்கள். நான் சரி என்று வாக்குப் போட்டேன். அந்தக் கூரைக்கு இன்னும் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது பள்ளியே வேண்டாம் என்கிறீர்கள்" என்றார். இந்த மாநிலத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரி வரி வருடத்துக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி வருகிறது. அக்கறை இல்லாத மனிதர் என்று அவரை எப்படிச் சொல்வது?

எல்லாரும் அவரைப் போல இல்லை. "அந்த அபார்ட்மெண்ட் பிள்ளைகள் இங்கே வந்தால்" என்று ஒருவர் ஆரம்பித்தார், கைத்தட்டலும் கிடைத்தது. அந்தக் கைத்தட்டலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்தக் குடியிருப்புகளில் எனக்குத் தெரிந்த குடும்பங்களும் இருந்தன.

அப்புறம் ஒரு அம்மா எழுந்தார். எங்கள் அறிக்கையை அச்செடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தார். "14-ஆம் எண் அறை. இதில் 25 பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகன் இந்த அறையில்தான் படிக்கிறான். மொத்தமே 6 பிள்ளைகள். இன்னும் 19 பேரை எங்கே உட்கார வைப்பீர்கள்?"

அந்த எண்ணை எழுதியது நான். பதில் இல்லை. பார்க்கிறோம் என்று மேடையில் யாரோ சொன்னார்கள்.

நான் அந்த அறையை அளந்தது ஜூலையில், கோடை விடுமுறையில். தரையில் மெழுகு வாசனை, நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று. தரையில் ஒட்டியிருந்த கலர் டேப், மூலையில் மடக்கி வைத்த சின்னக் கூடாரம், டியூப்லைட்டை மறைத்த நீலத் துணி எல்லாம் கண்ணில் பட்டன. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி நடக்கும்போது ஒரு நாள் போக வேண்டும் என்று கேட்டேன். மாநிலத்தின் கணக்குமுறைப்படி சரியாகத்தானே செய்திருக்கிறோம், எதற்கு என்றார் எங்கள் மேலாளர். எதிர்த்துப் பேசி அனுமதி வாங்கிப் போனேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வகுப்பு அது. ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர், 6 பையன்கள். டியூப்லைட்டின் கூச்சம் தாங்காதவர்களுக்காகத் துணி. வாசலிலிருந்து அவரவர் இடத்துக்குப் போகும் வழிதான் அந்த டேப், ஆளுக்கு ஒரு நிறம். ஒருவன் காதில் ஹெட்போனோடு கூடாரத்துக்குள் இருந்தான். பழக்கதோஷத்தில் நான் லேசரை அழுத்திவிட்டேன். சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்ததும் இரண்டு பிள்ளைகள் எழுந்து அதன் பின்னால் போனார்கள். "அதை அணைச்சிடுங்க. திரும்ப உட்கார வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும்" என்றார் ஆசிரியை. சொன்னபடியே ஆனது. நானும் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

இத்தகைய வகுப்புக்கு இத்தனை பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று மாநில விதியே வரம்பு வைத்திருக்கிறது. அந்தப் பள்ளியில் பேச்சுப் பயிற்சிக்கும் வாசிப்புப் பயிற்சிக்கும் உள்ள அறைகளையும் சேர்த்தால், நான் முழு வகுப்பறை என்று எழுதியவை நான்கு. அவற்றைச் சரியாக எண்ணினால் அது காலியாகக் கிடக்கும் பள்ளியே இல்லை.

இதற்கு நடுவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். அதே மாவட்டத்தின் இன்னொரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. "அக்கா, புது எல்லையில எங்க வீடு எந்தப் பக்கம் வருது? அந்த ஸ்கூலுக்காகத்தானே இங்க வாங்கினோம்." வேலை விஷயம், சொல்லக் கூடாது. தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாயன்று வாக்கெடுப்பு நடந்தது, திட்டம் தோற்றது. அறைகளை மறுபடி எண்ணினோம், இந்தத் தடவை ஆசிரியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. படிவத்தில் 'இப்போது இங்கே யார் இருக்கிறார்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பழைய பள்ளி மூடப்படாது, வடக்கே மட்டும் கூடுதல் அறைகள், எல்லையில் சிறு மாற்றம் என்று திட்டம் சுருங்கியது. அடுத்த வருடம் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாவைப் பள்ளி வாசலில் பார்த்தேன். நன்றி சொன்னார். இந்தத் தடவையும் வேண்டாம் என்றுதான் வாக்குப் போட்டாராம். ஏன் என்று கேட்டேன். அவர்கள் தெரு புது எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மகனுக்கு 14-ஆம் எண் அறை நிலைத்தது, அவன் அக்காவுக்கு வேறு பள்ளி. மகளின் பஸ் 7:50-க்கு, மகனின் வேன் 8:35-க்கு. அக்கா பஸ் ஏறிப் போனதும் அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறான், அந்த முக்கால் மணி நேரமும் உள்ளே வர மாட்டேன் என்கிறான் என்றார்.