கன்ட்ரோலரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்

கல்யாண ரிசப்ஷன், மஞ்சள் நீராட்டு, காலேஜ் விழா என்று ஊர் ஊராகப் போய் டிஜே பண்ண ஆசைப்படும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் டிஜே மென்பொருளைக் கையால் இயக்குகிற பெட்டி) வாங்கலாம், தட்டுகிற பேட் எத்தனை இருக்கிறது, எஃபெக்ட் எத்தனை இருக்கிறது. யூடியூப் ரிவ்யூக்களும் மேல்பக்கத்தையே அரை மணி நேரம் காட்டிவிட்டு, பின்னால் இருக்கிற ஓட்டைகளைச் சில விநாடிகளில் தாண்டிப் போய்விடுகின்றன. மண்டபத்தில் நம்மைக் காப்பாற்றுவதும் காலை வாருவதும் அந்தப் பின்பக்கம்தான்.

கிளப்பில் எல்லாம் ஏற்கெனவே மாட்டி வைத்திருப்பார்கள், பென்டிரைவோடு போனால் போதும். நம் வேலை அப்படி இல்லை. ஆம்பும் பாக்ஸும் உள்ளூர் சவுண்டு சர்வீஸ்காரர் கொண்டு வருவார், அவருடைய மிக்சர் மேடைக்கு எதிர்மூலையில் இருக்கும், நாம் மேடை ஓரத்தில் இருப்போம், நடுவில் பந்திக்குப் போகிற கூட்டம். "தம்பி, லைன் குடுங்க" என்று அவர் நீட்டுவது மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளாக இருக்கும். உங்கள் கன்ட்ரோலரில் ஆர்சிஏ (டிவிடி பிளேயர் பின்னால் இருக்குமே, அந்த சிவப்பு-வெள்ளை வாய்) மட்டும்தான் இருந்தால் அந்த இடத்திலேயே தடுமாற்றம் ஆரம்பம்.

ஆரம்பிக்கிறவர்கள் அதிகம் வாங்குகிற பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4-ஐயே எடுத்துக்கொள்வோம். இரண்டு கிலோ சொச்சம்தான் எடை, தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கூடப் போகலாம், லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், ரெக்கார்ட்பாக்ஸ் என்கிற டிஜே மென்பொருளுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி இந்த அளவில் எனக்குத் தெரியாது. ஆனால் மாஸ்டர் அவுட் ஆர்சிஏ மட்டும், மைக்குக்குக் கால் இஞ்ச் ஜாக் ஒன்று, அதற்கு ஒரு லெவல் திருகி, அவ்வளவுதான். மைக்குக்கென்று பாஸ், ட்ரெபிள் எதுவும் கிடையாது. ஆர்சிஏ என்பது பேலன்ஸ்டு (வழியில் சேருகிற இரைச்சலைத் தானே கழித்துவிடுகிற அமைப்பு) இல்லாத லைன், நாலைந்து மீட்டர் வரைக்கும் பரவாயில்லை, அதையே நீட்டி நீட்டி முப்பது மீட்டர் இழுத்தால் சீரியல் பல்பு, டிம்மர் லைட், பக்கத்தில் ஓடும் கரண்ட் வயர் எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும். அதோடு உங்கள் லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் அவருடைய ஆம்ப் வேறொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவில் வித்தியாசம் வந்து, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அப்படியே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று பாடும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதி நேரம் சத்தம் நின்றுவிடும். அதற்காக மூன்று மணி நேர ரிசப்ஷனை பேட்டரியில் ஓட்ட முடியாதே. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள இரட்டை டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் போட்டால் லைனும் பேலன்ஸ்டு ஆகும், எர்த் பிரச்சினையும் அறுபடும். பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுவது சில பேருடைய வைத்தியம். தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடித்தால் மைக் பிடித்திருப்பவர் கதி அதோகதி.

சரி, மைக்குக்கு வருவோம், ஏனென்றால் கல்யாண வீட்டில் பாட்டு இரண்டாம் பட்சம். ஆங்கர் பேசுவார், மாப்பிள்ளையின் நண்பர்கள் பாட வருவார்கள், மாமா ஒருவர் வாழ்த்துரை என்று ஆரம்பித்து நிறுத்தவே மாட்டார். பாட்டு ஒரு நிமிடம் நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள், தாலி கட்டின ஜோடியை மேடைக்கு அழைக்கிற நேரத்தில் மைக் செத்தால் மண்டபமே திரும்பி உங்களைப் பார்க்கும். மைக்கை சின்ன கன்ட்ரோலரிலேயே சொருகியிருந்தால், லேப்டாப் உறைந்து யூஎஸ்பி கரண்ட் போனதும் பாட்டோடு மைக்கும் போகும். அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: பெரிய கன்ட்ரோலருக்குக் காசு சேர்ப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு அனலாக் மிக்சர் வாங்குங்கள். டிஜே மிக்சர் அல்ல, அது பாட்டு ஓட்டுகிற டெக்கைத் தனித்தனியாக வைத்திருப்பவர்களுக்கு. நான் சொல்வது கச்சேரி, கோவில், சர்ச் எல்லா இடத்திலும் பார்க்கிற சாதாரண மிக்சர்.

யமஹா எம்ஜி10எக்ஸ்யு மாதிரி ஒன்று போதும். நாலு மைக் போடலாம், எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கிறது, மைக் சேனலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தை வெட்டுகிற சுவிட்ச் இருக்கிறது (மைக்கை இறுக்கிப் பிடித்து 'ப்' 'ப்' என்று ஊதுகிறவர்களுக்கு அதை அமுக்கிவிடுங்கள்), முதல் இரண்டு சேனலில் கத்தினால் அடக்குகிற ஒற்றைத் திருகி கம்ப்ரசரும் உண்டு. ஆங்கரின் கார்ட்லெஸ் ஒன்றில், வயர் மைக் இன்னொன்றில், கன்ட்ரோலர் ஒரு ஸ்டீரியோ சேனலில், மிச்சமிருக்கும் ஸ்டீரியோ சேனலில் உங்கள் போன். அந்தப் போனில் நிஜமாகவே டவுன்லோடு பண்ணிய ஒரு மணி நேரப் பாட்டு இருக்கட்டும், நிறைய மண்டபங்களில் டவர் கிடைக்காது. லேப்டாப் மடங்கினால் போன் சேனலின் லெவல் திருகியை ஏற்றிவிட்டு நிதானமாக ரீஸ்டார்ட் பண்ணலாம். வீடியோகிராஃபர் வந்து "அண்ணா, ஆடியோ லைன்" என்று கேட்பார், அவருக்கு மானிட்டர் அவுட்டிலிருந்து கொடுத்துவிடலாம். ஒரு குறை உண்டு: கன்ட்ரோலரில் மைக் போட்டால் பேசும்போது பாட்டு தானாகக் குறைகிற டாக்ஓவர் வசதி சிலவற்றில் கிடைக்கும், இந்த முறையில் அது கிடையாது, பாட்டுச் சேனலின் லெவல் திருகியில் கை வைத்தே இருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது, மாமா எப்போது மூச்சு விடுவார் என்று மிஷினுக்குத் தெரியாது.

நம் பாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலையும் யாரும் சொல்வதில்லை. எண்பதுகளின் பாட்டுகளில் பல, வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை, வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மென்பொருள் தாளத்துக்குச் சம இடைவெளியில் போடுகிற பீட்கிரிட் கோடுகள் பல்லவியில் ஒத்துப்போய், இரண்டாம் சரணத்தில் நழுவியிருக்கும். ரெக்கார்ட்பாக்ஸில் அனலிசிஸை டைனமிக்கில் வைத்தால் ஓரளவு தேறும். திஸ்ர நடையில் ஓடுகிற குத்துப் பாட்டு இன்னும் மோசம், 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகப் போவதை மென்பொருள் ஒன்றரை மடங்கு வேகமாக எண்ணிவிடும், அப்புறம் நாலு பீட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற லூப் போட்டால் தாளம் நொண்டும், ஆடுகிறவர்கள் உங்களை முறைப்பார்கள். ஆக, இரண்டு பாட்டின் தாளத்தைத் தானாக ஒட்டவைக்கிற சிங்க் பட்டனை நம்பி கன்ட்ரோலர் வாங்காதீர்கள். பாட்டைக் கையால் தள்ளி இழுக்க வசதியான ஜாக் வீல் என்கிற வட்டத் தட்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நீளமான டெம்போ ஃபேடரும் பதினாறு எஃபெக்டைவிட நமக்கு உபயோகம். பயனியரின் டிடிஜே-1000 கன்ட்ரோலரைப் பழையதாகத் தேடி வாங்குகிறவர்கள் இன்னும் இருப்பதற்கு அதன் முழு அளவு ஜாக் வீல் ஒரு காரணம், எக்ஸ்எல்ஆர் அவுட்டும் இரண்டு மைக் வாயும் இன்னொரு காரணம்.

லேப்டாப்பே வேண்டாம் என்று, பென்டிரைவிலிருந்தே பாட்டு ஓட்டுகிற எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்3, டெனான் பிரைம் 4 பக்கம் போகிறவர்கள் உண்டு. வசதிதான். பிரைம் 4-இல் ஜோன் அவுட் என்று தனி அவுட் இருக்கிறது, மேலே ஹாலில் குத்து ஓடும்போதே கீழே சாப்பாட்டு ஹாலுக்கு நாதஸ்வரம் அனுப்பலாம். கல்யாண மண்டபத்தைப் பார்த்துத்தான் செய்தார்களோ என்று தோன்றும். ஆனால் இவை ஒன்பது, பத்து கிலோ, கேஸோடு சேர்த்தால் மாடிப்படியில் ஒற்றை ஆளாய்த் தூக்கிப் பாருங்கள், தெரியும். அதைவிட முக்கியம் கரண்ட். ஈபி போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்த இடைவெளியில் லேப்டாப் பேட்டரியில் உயிரோடு இருக்கும், அதிலிருந்து கரண்ட் குடிக்கிற சின்ன கன்ட்ரோலரும் இருக்கும். பெரிய பெட்டி அணைந்து, மறுபடி பூட் ஆகி, பென்டிரைவைப் படித்து, நீங்கள் பாட்டைத் தேடி எடுப்பதற்குள் கூட்டம் ஐஸ்கிரீம் பக்கம் போயிருக்கும். கம்ப்யூட்டருக்குப் போடுகிற சாதாரண யூபிஎஸ் ஒன்றை இதற்கும் மிக்சருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இவ்வளவு விலை கொடுப்பவர்கள் அதை மட்டும் ஏன் மறக்கிறார்களோ.

திறந்த வெளி லான் என்றால் நேரமும் கணக்கில் வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. ஜோடி மேடை ஏறவே எட்டரை, போட்டோ வரிசை ஒன்பதரை வரை, மிச்சம் ஆடக் கிடைப்பது அரை மணி. அதில் கேபிள் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் மாட்ட எளிதான செட்டப்பே பெரிது.

பழையது வாங்கினால் கடையிலேயே லேப்டாப் மாட்டிப் பாருங்கள். எல்லா ஃபேடரையும் பாட்டு ஓடும்போதே மெதுவாக ஏற்றி இறக்குங்கள், கரகரத்தால் விலையைக் குறையுங்கள். யூஎஸ்பி வாயில் கேபிளைச் சொருகி லேசாக ஆட்டுங்கள், அந்த ஆட்டத்தில் இணைப்பு அறுந்தால் விலை பேசவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.