நைவாஷா சந்தையில் ஒரு படி கேவுரு

சாக்கு மூட்டைக்குள் கையை விட்டதுமே தெரிந்துவிட்டது. கேவுரு, நம் கேழ்வரகு! அதே செம்மண் நிறம், விரலிடுக்கில் வழுக்கி ஓடும் அதே சின்ன மணி. "இது எங்க ஊர் தானியம்" என்று அரைகுறை சுவாஹிலியில் அதை விற்ற அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது விம்பி. என் பாட்டிக்குப் பாட்டி விதைத்தது. உங்கள் ஊருக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். சுருக்கென்றது.

கென்யாவின் இந்த நைவாஷாவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஓசூரில் ரோஜாப் பண்ணையில் கற்ற தொழில்தான் இங்கே சோறு போடுகிறது. 1,800 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்ந்த காலை, வருடம் முழுக்கப் பூ. இங்கே வெட்டும் பூ விமானமேறி ஐரோப்பா போகிறது. வயதில் மூத்த பெண்களை "மாமா" என்றுதான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும். முதல் மாதம் எனக்கு வாயே வரவில்லை. இப்போது எல்லாம் பழகிவிட்டது. காய்க்காரருக்குக்கூட போனில்தான் காசு அனுப்புகிறேன். நம் ஊரில் யுபிஐ வந்தது 2016இல். இவர்கள் 2007இலேயே எம்-பெசா என்று சாதாரண பட்டன் போனில் தொடங்கிவிட்டார்கள்.

பழகிவிட்டது என்று எழுதும்போதே காவேரிப்பட்டணத்து வீட்டுத் திண்ணை வந்து நிற்கிறது. அம்மா பானையைக் காலுக்கிடையில் அணைத்துத் துடுப்பால் களி கிண்டுவாள். ஆவி பறக்கும் உருண்டை, நடுவில் குழி, அதில் கீரைக் கடைசல். மென்றால் அப்பா திட்டுவார், விழுங்கணும். இங்கே மக்காச்சோள மாவில் உகாலி கிண்டுவதைப் பார்த்தால் கை அசைவு அச்சு அசல் அம்மாதான். தட்டைப் பார்த்தால்தான் வெள்ளையாக இருக்கும்.

அந்த மாமாவின் கேள்வி விடவில்லை. தேடிப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. கேழ்வரகை முதலில் பயிராக்கியது எத்தியோப்பியா முதல் உகாண்டா வரையிலான மேட்டு நிலத்து மக்கள். அது கடல் தாண்டி நம் பக்கம் வந்தே சில ஆயிரம் வருடங்கள் ஆகின்றன. விதையோடு எப்போது விதைப்பது, எப்படி அடித்துத் தூற்றுவது என்ற அறிவும் யாரோ ஒருவர் தலைக்குள் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததை ஔவை புறநானூற்றில் பாடி வைத்தாள். வானம் பார்த்த பூமியில் நம்மைப் பட்டினியில்லாமல் காத்த கேவுரைக் கொண்டுவந்தவருக்குப் பாட்டு இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. தாத்தா விதை வாங்கப் போகும்போது "இண்டாப் கிடைச்சா வாங்கிட்டு வரேன்" என்பார். ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லை. கர்நாடகத்து மண்டியாவில் லட்சுமணய்யா என்ற ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்க ராகியையும் நம் ராகியையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகங்கள் அவை. இந்தியாவில் பாதி, ஆப்பிரிக்காவில் பாதி எடுத்து வைத்த பெயர் இண்டாஃப். பூ கடுகைவிடச் சின்னது, தன்னைத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். அதை ஒட்டுச் சேர்க்க எத்தனை பொறுமை வேண்டும்! 1970களில் அவை வயலுக்கு வந்து விளைச்சல் ஏறியது. ஆயிரக்கணக்கான வருடம் பிரிந்திருந்த இரண்டு உறவு மறுபடி சந்தித்ததால் எங்கள் வீட்டுக் குதிர் நிறைந்திருக்கிறது. தாத்தாவுக்கு அது தெரியாது. எனக்கும் இத்தனை நாள் தெரியாது.

அடுத்த வாரம் சந்தைக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேற்குக் கென்யாக்காரர். அங்கே கேவுரை முளைகட்டிக் காயவைப்பது புசா என்ற கள்ளுக்கு. நம் ஊரில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச என்றேன். "குழந்தைக்கா?" என்று கண்ணை அகல விரித்தார். வறுக்கும் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டார். இப்போது அவர் பேரன் அதைத்தான் குடிக்கிறான். பதிலுக்கு உஜி என்னும் புளித்த கஞ்சி வைக்கும் விதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தார். நம் கூழ் மாதிரிதான், ஆனால் புளிப்பு வேறு மாதிரி நாக்கில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப நம்ம கேவுரு பொறந்த பக்கம்தான் நீ போயிருக்கியா கண்ணு?" என்றாள். அப்புறம், "வரும்போது ஒரு பிடி விதை எடுத்துட்டு வா, கிணத்து மேட்டுல போட்டுப் பாக்கலாம்."

அனுமதி இல்லாமல் விதையை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்றேன்.

"சரி, அந்தம்மா எப்படிப் புளிக்க வைக்கிறாங்கன்னு சொல்லு. இரு, அடுப்ப அணைச்சுட்டு வரேன்."