கொப்பளிக்க முடியாத அத்தைக்குப் பல் விளக்கிவிடுவது

என் மாமியாருக்கு ஏ.எல்.எஸ்., தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழந்துகொண்டே போகும் நோய். பேச்சும் விழுங்குவதும் முதலில் போயின, கைகால் அப்புறம். இப்போது வயிற்றில் போட்ட பெக் டியூப் வழியாகத்தான் சாப்பாடு. "வாய் வழியா ஒண்ணும் போறதில்லையே, எதுக்குத் தினமும் பல்லு விளக்கணும்?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் அழுக்காகும். நாம் மெல்லும்போதும் விழுங்கும்போதும் நாக்கே வாயைத் துடைத்துவிடுகிறது. அது நின்றுபோனால் நாக்கிலும் மேலண்ணத்திலும் பிசுபிசுவென்று படிகிறது. அதிலுள்ள கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

எச்சில் வழிவதைப் பார்த்து, அதிகமாகச் சுரக்கிறது என்பார்கள். அப்படி இல்லை. எல்லோருக்கும்தான் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். அத்தைக்கு அதைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். வழிவது குறைந்தது, ஆனால் மிச்சம் கெட்டியாகி நூல் நூலாக ஒட்டிக்கொண்டது. ராத்திரி மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷினின் மாஸ்க்கிலிருந்து வரும் காற்று வேறு வாயைக் காயவைக்கிறது.

காலையில் டியூபில் கஞ்சி கொடுப்பதற்கு முன்பே பல் விளக்கிவிடுவேன். வயிறு நிறைந்திருக்கும்போது குமட்டினால் வம்பு. கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி தலையணை வைக்க வேண்டும். நான் நின்றுகொண்டு செய்தால் என் முகத்தைப் பார்க்க அத்தை அண்ணாந்துவிடுவார், உடனே புரையேறும். அதனால் எதிரே ஸ்டூல் போட்டு அவரைவிடத் தாழ உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் சக்‌ஷன் மெஷினால் கெட்டிச் சளியை எடுத்துவிடுவோம். பிறகு குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ், நனைத்து நன்றாக உதறியது. பேஸ்ட் பச்சைப்பயறு அளவு போதும். நுரைக்கவே கூடாது, சோடியம் லாரில் சல்பேட் இல்லாததா என்று டப்பாவைப் படித்து வாங்குகிறோம். நான் விளக்க, என் கணவர் கீழ்க்கன்னத்தில் சக்‌ஷன் குழாயைப் பிடித்துக்கொள்வார்.

வெளிப்பக்கம் சுலபம், உட்பக்கம்தான் பாடு. முன்பல்லில் பிரஷ் பட்டால் தாடை தானாகக் கடித்துக்கொள்கிறது. அத்தை வேண்டுமென்று செய்வதில்லை, நோய் செய்வது. இழுக்கக் கூடாது. காதுக்கு முன்னால் தாடை மூட்டை மெதுவாகத் தடவியபடி காத்திருந்தால் தளரும். வாயோரமாக நுழைந்து கன்னத்தை ஒட்டியே போனால் இந்தத் தொல்லை குறைவு. விரலை மட்டும் பல்லுக்கு நடுவில் விடவே கூடாது. ஸ்பாஞ்சு வைத்த குச்சிகளும் கிடைக்கின்றன. கடித்தால் ஸ்பாஞ்சு கழன்று தொண்டைக்குப் போய்விடலாம் என்பதால் நாங்கள் வாங்குவதில்லை. நாக்கையும் அதே பிரஷால்தான், பின்னாலிருந்து முன்னால். வெள்ளைத் திட்டுகள் துடைத்தும் போகாவிட்டால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அத்தை கண்ணை மேலே தூக்கினால் நிறுத்து என்று அர்த்தம். பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். அறிவு தெளிவாக இருக்கிறவரின் வாய்க்குள் அவர் சம்மதம் இல்லாமல் கை வைக்க எனக்கு மனசு வராது.

சொந்தக்காரர்களில் ஒரு சித்தி நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொன்னார். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு வகை நிமோனியா. அத்தையோ எழுத்து அட்டையில் கண்ணாலேயே "பல்பொடி" என்று காட்டுவார், காலமெல்லாம் அதில்தான் விளக்கினார். பொடி பறந்து மூச்சில் போகும் என்று சொன்னால் முறைப்பார். ஈறில் ரத்தம் வந்தபோது பல் டாக்டர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தை பிரஷில் தொட்டுத்தான் தடவினோம், வாயில் ஊற்றவில்லை.

கரண்ட் போய், சக்‌ஷன் மெஷினின் பேட்டரியும் தீர்ந்திருந்தால் பேஸ்ட்டே கிடையாது. உதறிய ஈர பிரஷ் மட்டும்.